மூன்று வேலை நாட்களுக்குள்

என் போனில் ஒரே செயலி மூன்று தடவை இருக்கிறது. மூன்றுக்கும் ஒரே நிறம், ஒரே படம், ஒரே 'டிங்'. ஒன்று என் சொந்தக் கணக்கு. இன்னொன்று நான் மேனேஜராக இருக்கிற ஏழு கட்டடங்களுக்கானது. மூன்றாவது, எனக்குச் சம்பளம் கொடுக்கிற கம்பெனி என் தலையில் கட்டியது. காலையில் கண் விழித்ததும் முகம் கழுவுவதற்கு முன்னால், இப்போது நான் எந்த ராடிவோய் என்று பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பார்த்துக்கொண்டும் தப்பு நடக்கும். "முட்டைக்கோஸ் வாங்க மறந்துடாதே, கண்ணு" என்று என் மனைவி தெசான்காவுக்கு எழுதினேன். அது பன்னிரண்டாம் எண் கட்டடத்தின் குரூப்புக்குப் போய்விட்டது. எத்தனை கிலோ என்று இரண்டு பேர் கேட்டார்கள். குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் பழைய சோபாவைப் போட்டவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி திட்டி எழுதினேன். அது கம்பெனி டைரக்டருக்குப் போனது. தன்னிடம் சோபா எதுவும் இல்லை என்று அந்த ஆள் மரியாதையாகப் பதில் போட்டார். இது போதாதென்று, மாதத்துக்கு ஒரு முறை ஏதாவது ஒரு கணக்கு என்னை வெளியே தள்ளிவிடும். உள்ளே போக ஓடிபி வேண்டும். அது வருகிற சிம் மேசை டிராயரில் கிடக்கும் பழைய போனில் இருக்கிறது, அந்தப் போனில் சார்ஜ் இருக்காது. சார்ஜர் எங்கே என்று தெசான்காவைக் கேட்டால், "எந்தக் கணக்குலேர்ந்து கேக்கற?" என்பாள்.

இந்தக் கணக்குக் கூத்து ஆரம்பித்ததே என் தம்பி ஸ்வெடோசாரால்தான். வீட்டில் கூப்பிடுகிற பெயர் டோஸா. நோவி சாட் நகரில், ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் கமெனிட்ஸாவில் அவன், படகு பழுதுபார்க்கிற பட்டறை வைத்திருக்கிறான்.

எங்கள் குடும்பத்துப் புனிதர் லூக்கா. அவருடைய நாள் அக்டோபர் கடைசியில் வரும், அன்றைக்குத்தான் எங்கள் ஸ்லாவா, அதாவது குடும்பத் திருநாள். ஸ்லாவாவுக்கு யாரையும் கூப்பிடக் கூடாது. தெரிந்தவன் தானாக வருவான், வந்தவனைச் சாப்பிட வைக்காமல் அனுப்பக் கூடாது, அவ்வளவுதான் சட்டம். கூப்பிட்டு வந்தால் அதற்குப் பிறந்தநாள் விருந்து என்று பெயர். மெழுகுவர்த்தி ஏற்றி, வட்ட ரொட்டியை இரண்டு பேர் பிடித்து மெல்லச் சுற்றி, அடிப்பக்கம் சிலுவையாகக் கீறி ஒயின் ஊற்றி, ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிய்ப்பார்கள். அப்பா போன பிறகு ஒரு பக்கம் நான், மறுபக்கம் டோஸா.

நான்கு வருஷத்துக்கு முன்னால் ரொட்டி எங்கள் இருவர் கையிலும் இருந்தபோது போன் அடித்தது. பன்னிரண்டாம் எண் கட்டடத்தின் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஓல்கிட்ஸா அம்மாள். அந்தக் கட்டடத்திலேயே சத்தம் அதிகமான பெண்மணி அவர்தான். நான் ஒரு கையை ரொட்டியிலிருந்து எடுத்துப் பேச ஆரம்பித்தேன். லிஃப்டில் ஒரு மனுஷி மாட்டிக்கொண்டு கத்தினால் வேறென்ன செய்வது? நான் பேசி முடிக்கிற வரைக்கும் டோஸா ரொட்டியைத் தனியாகத் தாங்கிக்கொண்டு நின்றான். அவன் சட்டைக் கையெல்லாம் ஒயின்.

"அண்ணே, நீ இந்த வீட்டுக்காரனா, இல்ல ஊருக்கெல்லாம் வாட்ச்மேனா?" என்று கேட்டான்.

படகுக்குப் பெயின்ட் அடிக்கிறவனுக்குப் பொறுப்பு என்றால் என்ன தெரியும் என்று நான் சொன்னேன். விருந்தாளிகள் எல்லாரும் தட்டைப் பார்த்தார்கள். அவன் ரொட்டியை மேசையில் வைத்தான், கோட்டை எடுத்தான், அவன் மனைவி ரூஷா அவன் பின்னாலேயே போனாள்.

அடுத்த வாரமே தெசான்கா தீர்ப்பு எழுதிவிட்டாள். ஊருக்கெல்லாம் தெரிந்த பழைய நம்பர் இனி கட்டடங்களுக்கு, வீட்டுக்குப் புது நம்பர், ஸ்லாவா அன்று பழையது வாயை மூடிக்கொண்டு கிடக்க வேண்டும். சொந்தம், நட்பு எல்லாரையும் புதுக் கணக்குக்கு மாற்றிக்கொண்டேன். டோஸாவுக்கு மட்டும் புது நம்பர் கொடுக்கவில்லை. பேசாதவனுக்கு எதற்கு நம்பர் என்று நினைத்து, அவன் பெயரையும் போனிலிருந்து அழித்துவிட்டேன். பழைய கணக்கில் கம்பெனிக்காரப் பையன் ஒருவன் வந்து தானாகப் பதில் போகிற மாதிரி எதையோ அமைத்துக் கொடுத்தான். எனக்கு நிம்மதி. ஏழு குரூப்பை மட்டும் பார்ப்பேன், தனியாக எழுதுகிறவர்கள் ஒரு மூலையில் மூட்டையாகச் சேர்ந்துகொண்டிருப்பார்கள்.

அடுத்த வருஷம் டோஸா வரவில்லை. அதற்கடுத்த இரண்டு வருஷமும் வரவில்லை. ஒரு முறை தெசான்கா பொறுக்க மாட்டாமல் ரூஷாவுக்குப் போன் செய்தாள். "அவருக்குப் பதில் கிடைச்சாச்சு, விடுங்க" என்று சொல்லிவிட்டு ரூஷா வைத்துவிட்டாள். என்ன திமிர் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேள்வியே கேட்காதவனுக்கு என்ன பதில் கிடைத்ததாம்? ரொட்டியின் மறுபக்கத்தைத் தெசான்காதான் பிடித்தாள். ஊறுகாய் ஜாடி மூடியைத் திருகுகிற மாதிரி இழுப்பாள். ரொட்டி எப்போதும் என் பக்கமே பெரிதாக வந்துவிடும். தம்பி பங்கையும் நானே எடுத்துக்கொண்ட மாதிரி, ஒவ்வொரு வருஷமும் அதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

கூப்பிட வழக்கமும் இல்லை, கூப்பிட எனக்கு மனமும் வரவில்லை. ஆனால் இந்த வருஷம் எனக்கு அலுத்துவிட்டது. அவன் வரவில்லையென்றால் இனி வரவே மாட்டான் என்று ஒரு பயம் புகுந்துகொண்டது. நாலு வருஷம் கோபம், ஐந்தாவது வருஷத்திலிருந்து பழக்கம்.

ஸ்லாவாவுக்கு முந்தின நாள் மத்தியானம், தெசான்கா அடுப்பில் படையலுக்கான கோதுமையை வேகவைத்துக்கொண்டிருந்தபோது, ஓல்கிட்ஸா அம்மாள் குரூப்பில் ஆரம்பித்தார். குளியலறைச் சுவரில் ஈரம் ஊறுகிறது, போன மாதமே படம் எடுத்துத் தனியாக அனுப்பியிருக்கிறாராம், மேனேஜர் என்ன செத்தா போய்விட்டார் என்று கேட்டிருந்தார். ஆமாம், பாதி செத்துவிட்டேன் என்று எழுதலாமா என்று யோசித்து, எந்தக் கணக்கில் இருக்கிறேன் என்று பார்த்து, எழுதாமல் விட்டேன். அந்த மூட்டையை அவிழ்த்து ஈரச் சுவரைத் தேட ஆரம்பித்தேன்.

பெயர் இல்லாத நம்பர்களாக வந்துகொண்டே இருந்தது. உடைந்த கதவுப் பிடி, குழாய், யாரோ ஒருவரின் நாய், மறுபடி குழாய். நடுவில் ஒரு சின்னப் படத்தில் பச்சை வண்ணம் பூசிய படகு. அந்தப் படகு எனக்குத் தெரியும். அப்பா வாங்கியது. அதன் மூக்கில் இருக்கிற சிராய்ப்பு பதினாலு வயதில் நான் போட்டது.

திறந்தேன். சண்டைக்கு அடுத்த வருஷ ஸ்லாவா அன்று மத்தியானம் அவன் எழுதியிருந்தான்: "அண்ணே, கீழ வாசல்ல நிக்கிறோம். மேல வரலாமா?"

அதற்குக் கீழே, என் பெயரில், அந்த நிமிஷமே போன பதில்: "தங்கள் புகார் பெறப்பட்டது. மூன்று வேலை நாட்களுக்குள் பதிலளிக்கப்படும். அலுவலக நேரம் காலை எட்டு முதல் மாலை நான்கு வரை. நன்றி."

இரண்டாம் வருஷம்: "ஸ்லாவா வாழ்த்துகள், வீட்டுக்காரரே." கீழே, தங்கள் புகார் பெறப்பட்டது.

போன வருஷம்: "இன்னும் ஆபீஸ் நேரம்தானா, அண்ணே?" மூன்று வேலை நாட்களுக்குள் பதிலளிக்கப்படும். நன்றி.

கீழே நின்றிருக்கிறான். என் வீட்டு ஜன்னலுக்கு நேர் கீழே, கையில் பாட்டிலோடு, மனைவியோடு நின்று, போனைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறான். அப்போது நான் மேலே விருந்தாளிகளுக்கு மீன் பரிமாறிக்கொண்டு, அவனுக்கு எவ்வளவு தலைக்கனம் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

தெசான்காவிடம் நீட்டினேன். கரண்டியைக் கீழே வைக்காமலே படித்தாள். கொஞ்ச நேரம் கோதுமையைக் கிண்டினாள்.

"இந்த மெஷினை வெச்சவன் கை வெளங்காம போக" என்றாள். பிறகு, "நம்பரை மாத்துன்னு சொன்னவளும் நான்தான்" என்றாள்.

அவனைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. சொந்தக் கணக்கிலிருந்து எழுதலாம் என்றால் அது அவனுக்குத் தெரியாத நம்பர், ஏதோ கடன் கொடுக்கிற கம்பெனி என்று தள்ளிவிடுவான். பழைய கணக்கிலிருந்துதான் எழுத வேண்டும். அதில் என் படம்கூட இல்லை, கம்பெனியின் முத்திரைதான் இருக்கிறது. அந்தத் தானியங்கிப் பதிலை நிறுத்துவது எப்படி என்று கண்டுபிடிக்கவே மூச்சு வாங்கிவிட்டது. எழுதி, அழித்து, எழுதினேன்: "டோஸா, அதையெல்லாம் நான் எழுதல. மெஷின் எழுதிச்சு. நான் இன்னிக்குத்தான் பாத்தேன். நாளைக்கு வா."

எங்கள் வம்சத்தில் ஸ்லாவாவுக்கு ஆள் கூப்பிட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். அவன் படித்துவிட்டான் என்று செயலி காட்டியது. பதில் வரவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை, இறைச்சி கூடாத விரத நாள். அதனால் மேசையில் பொரித்த மீனும் வேகவைத்த பீன்ஸும். வழக்கம்போல யாரையும் கூப்பிடாமலே வீடு நிறைந்துவிட்டது. நான் பழைய கணக்கைத் திறந்து போனை மேசையிலேயே வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு 'டிங்'குக்கும் என் கை தானாகப் போனது. ஒன்பதாம் எண் கட்டடத்தில் அறைகளைச் சூடாக்குகிற ரேடியேட்டர் வேலை செய்யவில்லை. பன்னிரண்டில் ஈரம் இன்னும் ஊறுகிறது. நாலு வருஷத்துக்கு முன்னால் சண்டையே இந்தப் போனால்தான், இன்றைக்கும் அதையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய் என்று தெசான்கா அடுக்களையில் என்னைக் கடிந்துகொண்டாள். அவள் சொன்னது நியாயம்தான்.

ரொட்டி பிய்க்கிற நேரம் வந்தது. தெசான்கா ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபக்கம் பிடிக்க வந்தாள். வேண்டாம் என்றேன். இன்னும் கொஞ்சம் பொறுப்போம் என்றேன். விருந்தாளிகள் மீனைச் சாப்பிட்டார்கள், கேக் சாப்பிட்டார்கள், காபி குடித்தார்கள். ரொட்டி மேசை நடுவில் அப்படியே இருந்தது. தெசான்காவின் சித்தப்பா மகன் கிளம்பும்போது, "ரொட்டியை மியூசியத்துக்குக் குடுக்கப் போறியாப்பா?" என்று கேட்டுவிட்டுப் போனான். எல்லாரும் போனார்கள். சாயங்காலம் வழக்கப்படி மெழுகுவர்த்தியை ஒயின் விட்டு அணைத்தேன். இப்படி ஒரு ஸ்லாவாவை நான் பார்த்ததில்லை. அழுகைதான் வந்தது.

அப்போது 'டிங்'. ஓல்கிட்ஸா அம்மாளாக இருக்கும் என்று நினைத்து வெறுப்போடு எடுத்தேன்.

பச்சைப் படகு. "தங்கள் புகார் பெறப்பட்டது. மூன்று வேலை நாட்களுக்குள் பதிலளிக்கப்படும். நன்றி."

முதலில் எனக்குச் சுருக்கென்றது. பிறகு சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல், கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி சிரித்தேன். சின்ன வயதிலிருந்தே அவன் இப்படித்தான். அடித்தால் அழ மாட்டான், அடித்த அதே குச்சியை ஒளித்துவைத்துப் பிறகு எடுப்பான். தெசான்கா படித்துப் பார்த்து விரல் விட்டு எண்ணினாள்.

"சனி, ஞாயிறு கணக்கில்ல. அப்ப புதன்கிழமை. அன்னிக்கும் விரதம், மறுபடி பீன்ஸா?" என்றாள். ஆனால் ரொட்டியைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தது அவள்தான்.

அவன் விளையாட்டுக்கு எழுதினானா, இதோடு தீர்ந்தது என்று எழுதினானா என்று அந்த நாட்களில் எனக்குத் தெரியவே இல்லை. திங்களும் செவ்வாயும் ஓல்கிட்ஸா அம்மாளின் சுவரோடு போயின. புதன்கிழமை விடிந்ததும் சட்டை மாற்றிக்கொண்டு, தாடியை மழித்துக்கொண்டு, புது மெழுகுவர்த்தியை நட்டுவைத்து உட்கார்ந்தேன்.

சரியாக எட்டு மணிக்கு வாசல் மணி அடித்தது. திறந்தேன். டோஸா நின்றான். மீசை முழுக்க நரைத்துவிட்டிருந்தது. ஒரு கையில் ஒயின் பாட்டில், இன்னொரு கையில் காபி பொட்டலம். பின்னால் ரூஷா.

"ஆபீஸ் தெறந்தாச்சா?" என்றான்.

சொல்வதற்கு நான் நிறைய யோசித்து வைத்திருந்தேன். அவன் கோட்டைக்கூட வாங்காமல் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனேன். தெசான்கா ரொட்டியை எடுத்து வந்தாள். விறகு மாதிரி காய்ந்திருந்தது. கத்தி இறங்கவில்லை, ஒயின் உள்ளே போகாமல் மேலேயே நின்றது. ஒரு பக்கம் நான், மறுபக்கம் அவன். இழுத்தோம். அசையவில்லை. இரண்டு கிழவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பதைப் பார்த்து ரூஷா சிரிக்க ஆரம்பித்தாள்.

என் சட்டைப் பையில் 'டிங்'. உடனே இன்னொன்று. அப்புறம் போனே அடிக்க ஆரம்பித்தது. டோஸா இழுப்பதை நிறுத்தி என்னைப் பார்த்தான்.

"எடு அண்ணே. யாராவது லிஃப்டுல மாட்டியிருக்கப் போறாங்க."

என் இரண்டு கையும் ரொட்டியில் இருந்தன.

"மூணு வேலை நாளுக்குள்ள பாத்துக்கலாம்" என்றேன். "நீ இழு."