நல்லமுத்து வாங்கிய ரம்பம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கதையாகப் பிறக்க வேண்டியதல்ல. மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில் நான் எழுதும் பத்திரிகையின் ஆசிரியர் போன மாதம் என்னைக் கூப்பிட்டார். "வீட்டுலேயே சின்னதா பட்டறை வச்சிக்கிறவங்களுக்கு ஒரு கட்டுரை வேணும். குடுத்த காசுக்குத் தகுந்த கைச்சாமான் எப்படிப் பார்த்து வாங்குறதுன்னு எழுதுங்க. உபயோகமா இருக்கணும். உங்க வழக்கமான புலம்பல் வேணாம்லா" என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். பென்சில் சீவும் கத்தியைத் தவிர வேறெந்த இரும்பையும் நான் பிடித்தவனல்ல என்பதை அவர் கேட்கவில்லை, நானும் வலியப் போய்ச் சொல்லவில்லை.

முதல் ஆரம்பம்: "நல்ல கருவி எனப்படுவது யாதெனில்—"

வேண்டாம். பள்ளிக்கூட வாடை அடிக்கிறது.

இரண்டாவது ஆரம்பம்: "விலை குறைந்த சாமான் வேறு, விலைக்குத் தகுந்த சாமான் வேறு. எப்படியென்றால்"

(எப்படியென்றால் என்று எனக்குத் தெரியவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.)

மூன்றாவது ஆரம்பம்: "நல்லமுத்து என்று ஒரு கிராணி இருந்தான்."

போச்சு. அந்த வரியோடு கட்டுரை கைநழுவிவிட்டது. ஆசிரியர் என்னை மன்னிக்கட்டும்.

2

நல்லமுத்து துறைமுகத்தில் கிராணி, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா. கப்பலிலிருந்து பெட்டிகள் இறங்க இறங்க, அவற்றின் மேலே குத்தியிருக்கும் அடையாளத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்வது அவன் உத்தியோகம். வட்டத்துக்குள் நங்கூரம், சதுரத்துக்குள் நட்சத்திரம், கட்டம் கட்டமாகச் சில எழுத்துகள். பெட்டிக்குள் என்ன இருக்கிறது, எந்தத் தேசத்திலிருந்து வருகிறது என்பதெல்லாம் அவனுக்குத் தேவையில்லை. குறி சரியாக இருந்தால் பெட்டி சரி. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அவன் மனைவி குணவதி. டத்தோ கிராமாட் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் வீடு. விடியற்காலையில் இடியாப்பம் பிழிந்து, தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் வைத்து வாசலில் விற்பாள். அந்தச் சந்தில் தமிழர் வீடுகளைவிடச் சீனர் வீடுகள்தான் அதிகம். தட்டை நீட்டிக்கொண்டு வருகிறவர்களும் அவர்கள்தான். "இடியாப்பக்கா" என்றால் சந்து முனை வரைக்கும் தெரியும். கிராணியின் பெயரை யாரும் கேட்டதில்லை, "அக்கா வூட்டுக்காரர்" என்றால் போதும்.

அவளுடைய வலது மணிக்கட்டு வீங்கிக்கொண்டிருந்தது. இடியாப்பம் பிழிந்தவர்களுக்குத் தெரியும். கொதிநீர் விட்டுப் பிசைந்த மாவைச் சூடு தணிவதற்குள் பிழிந்தாக வேண்டும், ஆறிவிட்டால் அச்சில் இறங்காது. நடுவில் கையை ஆற்றிக்கொள்ளலாம் என்றால் மாவு முந்திக்கொண்டு ஆறிவிடும். கைவலியோடு நிற்காமல் பிழிய வேண்டிய தொழில் அது.

நல்லமுத்துவுக்கு ஒரு யோசனை வந்தது, நல்ல யோசனைதான். ஒரு மரச்சட்டம். அதற்குள் அச்சைப் பொருத்திவிட்டு, மேலே நீளமாக ஒரு கட்டை. கட்டையின் நுனியைப் பிடித்து உடம்புப் பாரத்தைக் கொடுத்தால் மாவு தானே இறங்கிவிடும், மணிக்கட்டுக்கு வேலையே இல்லை. அடுத்த வீட்டுத் தச்சன் பெங் சூன் இதைக் கேட்டுவிட்டு, தமிழனும் சீனனும் பேசிக்கொள்ளும் அந்தப் பாசார் மலாயில், "அரை நாள் வேலை, நானே செய்து தருகிறேன், தினமும் எனக்கு இடியாப்பம் போட்டால் போதும்" என்றான்.

"வேணாம், வேணாம்" என்றான் நல்லமுத்து. "நானே செய்யப் போறேன். பின்கட்டுல பட்டறை வைக்கிறேன்."

(இந்த இடத்தில் எனக்கு அவன் மேல் சந்தேகம் வந்தது. பெண்டாட்டி மேல் அக்கறையா, பட்டறை மேல் ஆசையா? இரண்டு தடவை அடித்து எழுதிப் பார்த்தேன். இரண்டும்தான் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வீட்டில் மட்டும் என்ன, ஒவ்வொன்றும் தனித்தனியாகவா இருக்கிறது?)

3

இனி ஆசிரியருக்காகக் கொஞ்சம் உபயோகமாக எழுதுகிறேன். இதெல்லாம் நல்லமுத்து கடை கடையாக ஏறிக் கற்றுக்கொண்டது. நான் அவனிடமிருந்து கடன் வாங்குகிறேன்.

பெட்டி நிறைய அடுக்கி விற்கும் சாமான்களை வாங்காதீர்கள். பாதியைத் தொடவே மாட்டீர்கள். ஒரு ரம்பம், ஒரு இழைப்புளி, ஓர் உளி, ஒரு சுத்தியல், ஒரு மூலைமட்டம் இருந்தால் ஆரம்பிக்கப் போதும். உளியின் வாயைக் கட்டைவிரல் நகத்தின் மேல் மெல்ல வைத்துப் பாருங்கள். பற்றினால் கூர், வழுக்கினால் மொக்கை. சுத்தியல் பிடியில் மரத்தின் ரேகை நேராக ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் ஒரு நாள் தலை தனியாகப் பறக்கும். இழைப்புளியைக் கவிழ்த்து அதன் அடியில் ஒரு நேரான சட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நடுவில் வெளிச்சம் ஒழுகினால் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டு வாருங்கள். ரம்பத்தை லேசாக வளைத்து விடுங்கள். நேராகத் திரும்பி நிற்க வேண்டும்.

நல்லமுத்து எல்லாவற்றையும் நகத்தில் வைத்தான், வெளிச்சத்தில் பிடித்தான், வளைத்துப் பார்த்தான். ஒரு கடையில் பிடி சரியில்லை, இன்னொரு கடையில் விலை சரியில்லை. ஆறின டீயைப் போல ஒவ்வொன்றையும் ஒதுக்கிவிட்டு வந்தான். உளி வந்தது. சுத்தியல் வந்தது. பின்கட்டுச் சுவரில் ஆணி அடித்து வரிசையாக மாட்டினான். மாலையில் வேலை விட்டு வந்ததும் அவற்றின் முன்னால் நின்று பார்ப்பான், முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். சட்டம் மட்டும் வரவில்லை. குணவதி மணிக்கட்டில் நல்லெண்ணெய் தடவித் துணி சுற்றிக்கொண்டு பிழிந்தாள்.

"ரம்பம் ஒண்ணுதான் பாக்கி" என்றான் அவளிடம்.

"பாத்துக்கிட்டே இருங்க" என்றாள் அவள். "என் கை ஒரு பக்கமா விழுந்தப்புறம் வாங்கிட்டு வாங்க."

* வாசகருக்கு: இந்தக் கதைக்கு நான் எத்தனை ஆரம்பங்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்தேன் என்பதை மேலே பார்த்தீர்கள். நல்லமுத்துவைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை குறைவு. நீங்கள் சிரித்துக்கொள்ளலாம்.

4

சூலியா தெருவுக்குப் பக்கத்தில் முகம்மது கனியின் இரும்புக்கடை. நல்லமுத்து எத்தனையோ தடவை ஏறி இறங்கிய கடைதான். அன்றைக்குக் கனி, பின்னால் கோணி போட்டு மூடியிருந்த இடத்திலிருந்து ஒரு ரம்பத்தை எடுத்து வந்தார். தகடு மெல்லியது. பல் சின்னச் சின்னதாக, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல. பிடியில் பிரம்பு சுற்றியிருந்தது. நல்லமுத்து வளைத்தான். திரும்பி நேராக நின்றது.

"எவ்வளவு?"

கனி விலையைச் சொன்னார். நல்லமுத்துவுக்குக் காது சரியாகத்தான் கேட்கிறதா என்று இருந்தது.

"இவ்வளவு மூராவா?" மூரா என்றால் மலிவு.

"மூராதான். ஏன்னு கேக்க மாட்டீங்களா, கிராணி அண்ணே?"

"இரும்பு நல்ல இரும்புதானே?"

"இரும்புக்கு என்னா குறை! இந்த விலைக்கு இந்த மாதிரி இரும்பு ஊருலயே கெடைக்காது."

"அப்புறம் எதுக்குக் கேக்கணும்? கட்டுங்க."

கனி ஒரு நிமிஷம் அவனைப் பார்த்தார். சொல்லலாமா வேண்டாமா என்று அவர் முகத்தில் ஓடியது. "வாசல்ல வச்சிப் பாக்காதீங்க, வூட்டுக்குள்ளயே வச்சிக்குங்க" என்று மட்டும் சொல்லிக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். வியாபாரி அதற்கு மேல் என்ன சொல்வார், பாவம்.

தகட்டின் அடிப்பக்கத்தில் ஒரு முத்திரை வெட்டியிருந்தது. நல்லமுத்து அதைப் பார்க்காமல் இல்லை. அந்த மாதிரி முத்திரை குத்திய பெட்டிகள் துறைமுகத்தில் எத்தனையோ அவன் கண் முன்னால் இறங்கியிருக்கின்றன. பழகிய குறி. அவ்வளவுதான் தோன்றியது அவனுக்கு.

5

மறுநாள் ஞாயிறு. பெங் சூன் தன் பட்டறையில் மிஞ்சிய மெராந்திப் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். காசு கேட்கவில்லை. அக்காவுக்கு என்றான். பின்கட்டில் இறக்கிவிட்டு, சுவரில் மாட்டியிருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தான். "பாகுஸ்" என்றான் உளியைப் பார்த்து, நல்ல சரக்கு என்று. சுத்தியலுக்கும் "பாகுஸ்." ரம்பத்தைக் கையில் எடுத்தான். கட்டைவிரல் தகட்டின் அடிப்பக்கத்தில் போய் நின்றது.

"இனி டாரி மானா?" என்று கேட்டான். இது எங்கிருந்து வந்தது என்று அர்த்தம்.

"கெடாய் கனி" என்றான் நல்லமுத்து பெருமையாக. "மூரா!"

"கடையைக் கேட்கவில்லை" என்றான் பெங் சூன் மலாயில்.

அவனுடைய தாய் சீனாவில் ஆமோய் என்ற ஊரில் இருந்தாள். அந்த ஊரை ஜப்பான்காரன் பிடித்த நாளிலிருந்து அவளைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அந்தச் சந்துக்கே தெரிந்த சங்கதி இது. ஜப்பான் சாமானைத் தொடுவதில்லை என்று சீனர் கடைகளெல்லாம் விற்பதை நிறுத்தியதும், சின்னப் பெண்கள் சீனாவின் யுத்த நிதிக்கு உண்டியல் தூக்கிக்கொண்டு வீடு வீடாக வந்ததும் நல்லமுத்துவுக்கும் தெரியும். தெரிந்ததும் ரம்பத்திலிருந்த ஜப்பான் முத்திரையும் அவன் மண்டைக்குள் அதுவரை ஒன்றையொன்று சந்திக்கவில்லை, அவ்வளவுதான். இப்போது சந்தித்தன. அவனுக்குக் காது சுட்டது.

பெங் சூன் ரம்பத்தை இருந்த ஆணியிலேயே மாட்டினான். தன் வீட்டுக்குப் போனான். பலகையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகவில்லை. எடுத்துப் போயிருந்தால் நல்லமுத்துவுக்குக் கோபப்படவாவது ஒரு வழி கிடைத்திருக்கும்.

6

ரம்பத்தின் சங்கதி ராத்திரிக்குள் சந்து முழுக்கப் பரவிவிட்டது. அடுத்த நாள் காலையில் தட்டு நீட்ட ஆள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் அப்படியே. யாரும் சண்டைக்கு வரவில்லை, முகம் சுளிக்கவில்லை. வாசலைக் கடந்து போனார்கள், அவ்வளவுதான். வழக்கமாக முதலில் வரும் எதிர்வீட்டுக் கிழவர் தலையைக் குனிந்துகொண்டு கொஞ்சம் வேகமாகவே நடந்தார். கூடையில் இடியாப்பம் காய்ந்தது.

குணவதி பிழிவதை நிறுத்தினாள். அவளுடைய கை வீக்கம் வடிந்தது.

(இதை எழுதிவிட்டு நானே கொஞ்சம் அயர்ந்துபோனேன். சட்டம் எதற்காக வர வேண்டுமோ அந்தக் காரியத்தை ரம்பம் மட்டுமே முடித்துவிட்டது. கதைக்கு இது ஒரு நல்ல முடிவு என்று தோன்றியது. பேனாவைக்கூடக் கீழே வைத்துவிட்டேன். குணவதி விடவில்லை.)

"கை நல்லாயிடுச்சே" என்றான் நல்லமுத்து, ஏதாவது பேச வேண்டுமே என்று.

"கை நல்லாயிடுச்சா!" என்று அவள் வெடித்தாள். "இந்தக் கையால போட்டதை இனிமே யாரு திங்கப் போறா? அந்தப் புள்ளைங்க உண்டியல் தூக்கிட்டு வந்தப்ப நானும்தான் காசு போட்டேன். பெங் சூன் அம்மாவுக்காகத்தான் போட்டேன். பல்லைப் பாத்தீங்க, பிடியைப் பாத்தீங்க, வளைச்சி வளைச்சிப் பாத்தீங்க. எந்த ஊருதுன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களாலா?"

அவன் ரம்பத்தை ஆணியிலிருந்து கழற்றிக் காகிதத்தில் சுற்றினான்.

"நாளைக்கு விடிகாலை மாவு பிசையப் போறேன். நீங்க போயி அவருகிட்ட பேசுங்க. என்னா பேசுவீங்களோ தெரியாது. பேசிட்டு வாங்க."

7

முடிவுகள் என்னிடம் மூன்று இருக்கின்றன. வளைத்துப் பார்த்துச் சொல்கிறேன்.

ஒன்று: நல்லமுத்து ரம்பத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டு போய்க் கடலில் வீசுகிறான். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அவன் வீசியது சந்தில் யாருக்குத் தெரியும்? வீசினேன் வீசினேன் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிய வேண்டும். மொக்கை.

இரண்டு: கதவைச் சாத்திக்கொண்டு அதே ரம்பத்தால் பெங் சூனின் பலகையை அறுத்துச் சட்டம் செய்துவிடுகிறான். அற்புதமாக வருகிறது. கைவலி இல்லாமல் பிழியலாம், தின்ன ஆள்தான் இல்லை. இது கொடுமை, எனக்கே பிடிக்கவில்லை.

மூன்று: அவன் பெங் சூனிடம் போய், "நீயே செய்து கொடு" என்று கேட்கிறான். முதல் நாளே கேட்டிருக்க வேண்டியது. இதில்தான் எனக்கு மனம் நிற்கிறது. ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னால் அவன் வேறொரு வாக்கியம் சொல்லியாக வேண்டும். மன்னித்துக்கொள் என்பதா? தெரியாமல் செய்துவிட்டேன் என்றால் அது பொய், தெரியும். உன் அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்கலாமா? அவனுக்கே தெரியாததை எப்படிக் கேட்பது? நானும் எழுதி எழுதி அடித்துவிட்டேன். அவனுக்கும் எனக்கும் சேர்த்து மலாயில் இருக்கும் சொற்கள் சரக்கு இறக்கவும் சாமான் வாங்கவும்தான் ஆகும்.

ஆகவே இதோ நிற்கிறான். இன்னும் முழுசாக விடியவில்லை. பெங் சூன் பட்டறைக் கதவைத் திறந்துவிட்டு விளக்கை ஊதி அணைக்கிறான். நல்லமுத்து வாசலில் நிற்கிறான். ஒரு கையில் பலகை, மறு கையில் காகிதம் சுற்றிய ரம்பம். பெங் சூன் நிமிர்ந்து பார்க்கிறான். போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

"பெங் சூன்," என்கிறான் நல்லமுத்து, "நான்

இதற்கு மேல் என்னிடம் இல்லை. மிச்சத்தை நீங்கள்தான் அவன் வாயில் வைக்க வேண்டும். நன்றாக யோசித்துச் சொல்லுங்கள், ஆனால் என்னைப் போலவும் அவனைப் போலவும் பொறுக்கிக்கொண்டே நிற்காதீர்கள். அடுத்த வீட்டில் குணவதி கொதிநீரை விட்டு மாவைப் பிசைந்துவிட்டாள். வாசலில் தட்டு நீட்ட யாரும் வரவில்லை. அச்சில் முதல் உருண்டையைப் போட்டுவிட்டு, வலது கையால் பிடியைப் பிடித்துக்கொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் காது கொடுத்து உட்கார்ந்திருக்கிறாள். மாவு ஆறிக்கொண்டிருக்கிறது.