சஹனின் நாலாவது பக்கம்

கள்ளக்குறிச்சி பள்ளிவாசல் தெருவில், பாத்திரக்கடை அமீரின் வீட்டுக் கூடத்தில், ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் பரிமாறிய மக்காச்சோளக் களியில் கால் பங்கை, அன்று ஆப்பிரிக்காவில் மொம்பாசா துறைமுகத்தில் இருந்த அவருடைய மகன் ஜுல்பிகர் சாப்பிட்டான். அன்று தக்காளி கிலோ முப்பத்திரண்டு ரூபாய். மழை இல்லை.

அதற்கு முன் சஹனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அமீரின் மனைவி மெஹ்ராஜ் பேகம் பரங்கிப்பேட்டைக்காரர். கல்யாணமாகி வந்தபோது ஈயம் பூசிய அகலமான செம்புத் தட்டு ஒன்றையும் கொண்டுவந்தார். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கை போட்டுச் சாப்பிடும் அந்தத் தட்டுக்குப் பெயர்தான் சஹன். ஊருக்கெல்லாம் எவர்சில்வர் தட்டு விற்கிற மனுஷன் வீட்டில் சாப்பிட ஒரே தட்டுதானா என்று தெருவில் கேலி உண்டு. அமீருக்கு ஒரு பக்கம், மெஹ்ராஜ் பேகத்துக்கு ஒரு பக்கம், மகள் ஷிரினுக்கு ஒரு பக்கம், வாசலைப் பார்த்த நாலாவது பக்கம் ஜுல்பிகருக்கு. அவனுக்குக் கத்தரிக்காய் ஆகாது. ஐந்து வயதிலிருந்து தன் பக்கம் வரும் கத்தரிக்காய்த் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தங்கை பக்கம் தள்ளிவிடுவான். அவள் கத்துவாள். இரண்டு பேர் முதுகிலும் ஒவ்வொரு அடி விழும். இப்படியே இருபது வருஷம் போனது.

பிறகு அவன் சரக்குக் கப்பல் ஒன்றில் உதவிச் சமையல்காரனாகச் சேர்ந்தான். எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும், அங்கே என்ன சாப்பிட்டான் என்று போட்டோ எடுத்து அனுப்புவான். ஷிரின் அதைப் பார்த்து, யூடியூபில் தேடி, வெள்ளிக்கிழமை மதியம் வீட்டில் அதையே செய்வாள். சலாலாவின் மந்திச் சோறு வந்தது, கொழும்பின் கொத்து ரொட்டி வந்தது, கடலூர் கருவாட்டுச் சென்னாக்கூனி போட்டு சிங்கப்பூர் லக்சாவும் வந்தது. ஜப்பானில் பச்சை மீனைச் சோற்றின் மேல் வைத்துத் தின்கிறார்கள் என்று போட்டோ வந்த அன்று அமீர் எழுந்து போய், மீனுக்கு மசாலா தடவி, தோசைக்கல்லில் போட்டுப் பொரித்துக்கொண்டு வந்து, அவங்க அடுப்பு பத்த வைக்க மறந்துட்டாங்க போலருக்கு என்றார். நாலாவது பக்கத்திலும் விளையாட்டாகப் பரிமாறுவார்கள். அந்தப் பங்கைச் சாப்பாடு முடிந்ததும் பக்கத்து வீட்டு உபகாரமேரி டீச்சர் வாங்கிப் போவார்.

ஒரு வைகாசியில் போன் வருவது நின்றது. கப்பல் கம்பெனியின் நம்பர் மணியடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. கடைசியாக அவன் மொம்பாசா போகிறோம் என்று சொல்லியிருந்தான். நாற்பது நாள் பொறுத்துப் பார்த்த ஷிரின், அழுவதற்குப் பதிலாக மொம்பாசாக்காரர்கள் தின்னும் மக்காச்சோளக் களியைக் கிண்டினாள். தொட்டுக்கொள்ள அந்த ஊர்க் கீரை கிடைக்காததால் முருங்கைக்கீரையும் கத்தரிக்காயும் போட்டாள். பரிமாறி பிஸ்மி சொன்னதும் நாலாவது பக்கத்துக் களியில் விரல் பதிந்தது. பிறகு கத்தரிக்காய்த் துண்டுகள் ஒவ்வொன்றாக ஷிரின் பக்கம் நகர்ந்து வந்தன. ஷிரின் பழக்கத்தில் கத்திவிட்டாள். மெஹ்ராஜ் பேகம் பழக்கத்தில் காற்றில் ஒரு அடி வைத்தார். அப்புறம்தான் மூன்று பேரும் அழுதார்கள். பங்கு வாங்க வந்த உபகாரமேரி டீச்சர் விஷயத்தைக் கேட்டு, “சாப்புட்டுட்டானா? அப்ப சரி” என்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டு திரும்பினார்.

அடுத்த மாதங்களில் விஷயம் பிடிபட்டது. அவன் எந்த மண்ணை ஒட்டி இருக்கிறானோ அந்த மண்ணின் சாப்பாட்டை மட்டுமே தொடுவான். கடல் நடுவில் இருந்தால் எதையும் தொடமாட்டான், ஏனென்றால் கடலுக்கென்று சமையல் கிடையாது. ஷிரின் சுவரில் உலகப்படத்தை ஒட்டி, அவன் தொட்ட நாட்டின் மேல் பொட்டு வைத்தாள். மொசாம்பிக்கின் தேங்காய்ப்பால் இறால், கேப்டவுனின் முட்டை ஊற்றி வேகவைத்த கொத்துக்கறி, பிறகு ஒரு வெள்ளிக்கிழமை எதுவுமில்லை. அதன்பின் நைனார்பாளையத்து மரவள்ளிக்கிழங்கை அவித்து, உரலில் இடித்து, பந்தாக உருட்டி, மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபுஃபு என்று வைத்த அன்று தட்டு காலியானது. அதோடு பொட்டு நகரவில்லை. கப்பல் நின்றுவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை, ஃபுஃபுவுக்குத் தொட்டுக்கொள்ள வைத்த குழம்பில் எலும்பு கடிபட்டிருந்தது. அடுத்த வாரம் எலும்பே இல்லை. அதற்கடுத்த வாரம் கத்தரிக்காய் நகரவில்லை. எல்லாவற்றையும் அவனே தின்றுவிட்டான். மெஹ்ராஜ் பேகம் காலியான அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை பட்டினி கிடக்கிறான், தாங்கள் வைக்கிற சோறுதான் அவனுக்குச் சோறு என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை மட்டும் என்பது போய் தினமும் மரவள்ளி ஆனது. அமீர் மூட்டை மூட்டையாக வாங்கியதைப் பார்த்து நைனார்பாளையத்து விவசாயி சின்னக்கண்ணு, “இன்னா பாய், ஜவ்வரிசி மில்லு கில்லு வச்சிட்டீங்களா?” என்று கேட்டார். கீழே கிழங்கு தீர்ந்த மாதத்தில் அமீர் மலைப்பாதை பஸ்ஸைப் பிடித்து வெள்ளிமலைக்குப் போய், திரும்பும்போது பஸ் கிடைக்காமல், ஜீப்பில் மடிமேல் மூட்டையோடு இறங்கி வந்தார். அன்று சாப்பாடு மாலை அஸர் தொழுகைக்குப் பிறகுதான் ஆனது. அதற்காக அவர் காலி சஹனிடம் மன்னிப்புக் கேட்டார்.

ஷிரின் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு, அண்ணனை மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து மீட்டுத் தரச் சொல்லி மனு எழுதிக்கொண்டு போனாள். மனு வாங்கும் செந்தமிழ்ச்செல்வி அதை இரண்டு முறை படித்துவிட்டு, போனே இல்லாதபோது அவன் அங்கேதான் இருக்கிறான் என்று எப்படித் தெரியும் என்றார். அந்தச் சாப்பாட்டை மட்டும்தான் சாப்பிடுகிறான் என்றாள் ஷிரின். செந்தமிழ்ச்செல்வி அதை மனுவின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். “அது சரிம்மா. ஆனா நாடு பேரு தெளிவா வோணும். மேற்கு ஆப்பிரிக்கான்னு மொட்டையா எழுதுனா மேல திருப்பி அனுப்பிடுவாங்க.” மரவள்ளிக் களியை அங்கே ஏழெட்டு நாடுகளில் தின்கிறார்கள். எந்த நாடு என்று தெரிய வேண்டுமானால், அந்தந்த நாட்டில் மட்டும் உண்டாகிற சாப்பாட்டை ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். தப்பான நாட்டின் சாப்பாடு வைத்த நாளெல்லாம் அவன் பட்டினி. பக்கத்திலேயே மரவள்ளியும் வைத்துப் பார்த்தார்கள். தான் இல்லாத ஊரின் சாப்பாடு சேர்ந்த தட்டையே அவன் தொடவில்லை.

“எம் புள்ளைய பட்டினி போட்டுத்தான் பேரு கண்டுபுடிக்கணுமா? நான் வுடமாட்டேன்” என்றார் மெஹ்ராஜ் பேகம்.

“பேரு தெரியலன்னா இப்பிடியே எத்தினி நாளைக்கிம்மா கெழங்கு இடிச்சிக்கினு இருப்போம்?” என்றாள் ஷிரின்.

மறுநாள் மெஹ்ராஜ் பேகமே சம்மதித்து, கிழங்கு இடிக்கும் உரலைக் கவிழ்த்து வைத்தார். முதல் நாள் முலாம்பழ விதை அரைத்த நைஜீரியாக் குழம்பு. தொடவில்லை. இரண்டாம் நாள் மரவள்ளியைத் துருவிப் புளிக்கவைத்து ஆவியில் வேகவைக்கும் ஐவரி கோஸ்ட்டின் உப்புமா. தொடவில்லை. அன்று கழுவி வைத்த வெறும் சஹனில், நாலாவது பக்கத்து ஈயத்தின் மேல், நாலு நகக்கீறல்கள் விழுந்தன. மெஹ்ராஜ் பேகம் கீறலின் மேல் தன் நாலு விரலையும் வைத்துப் பார்த்தார். இடைவெளி சரியாக இருந்தது. அதன்பின் அவர் தண்ணீரும் குடிக்கவில்லை. மூன்றாம் நாள், மக்காச்சோள மாவைப் புளிக்கவைத்து அதன் கதிர் மட்டையில் சுற்றி அவிக்கும் கானா நாட்டுக் கென்கேயை வைத்தார்கள். மட்டை கூட மிஞ்சவில்லை. ஷிரின் முகம் கூடக் கழுவாமல் கலெக்டர் ஆபீசுக்கு ஓடினாள். செந்தமிழ்ச்செல்வி ‘கானா’ என்று எழுதி, ஆதாரம் என்ற இடத்தில் ‘உணவு’ என்று குறித்து, முத்திரை குத்தி மேலே அனுப்பினார்.

ஏழு வாரம் கென்கே நடந்தது. எட்டாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தட்டு அப்படியே இருந்தது. கடலில் இருப்பான் என்று சொல்லிக்கொண்டார்கள். பதினொரு நாள் வரை அப்படிச் சொல்ல முடிந்தது. பன்னிரண்டாம் நாள் எந்த நாடு என்று தெரியாமல் உலகப்படத்தைக் கிழக்கிலிருந்து மேற்காகச் சமைத்துப் பார்த்தார்கள். இருபத்தாறாம் நாள் பாக்கி இருந்தது ஒரே ஒரு சாப்பாடு, இந்த வீட்டுச் சாப்பாடு. அவன் களியைத் தொட்ட நாளிலிருந்தே அதை நாலாவது பக்கத்தில் வைக்க மெஹ்ராஜ் பேகம் விட்டதில்லை. வீட்டுச் சோற்றை, கடையிலிருந்து கொண்டுவரச் சொன்ன தனித்தனித் தட்டில்தான் போடுவார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அன்று அவரே சொன்னார்: “அவன் இருக்கற எடத்துச் சோத்தத்தான் அவன் தின்னுவான். ஆளு வாசல்ல இல்லாம நம்ம சோறு மட்டும் காலியாச்சின்னா, உசுரு போயி ரூஹு மட்டும் வூடு வந்துருச்சின்னு அர்த்தம்.”

இருபத்தேழாம் நாள் வெள்ளிக்கிழமை. அவரே நெய்ச்சோறு ஆக்கி, பருப்பும் கத்தரிக்காயும் போட்டுத் தால்ச்சா வைத்தார். அடுப்பையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்ததில் எதைப் போட்டோம் எதை மறந்தோம் என்று அவருக்கே தெரியாது. நாலு பக்கமும் பரிமாறி மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். தொடாமல் இருக்க வேண்டும் என்று அந்த வீட்டில் சோற்றைப் பார்த்து வேண்டிக்கொண்டது அன்று ஒரு நாள்தான். ஒன்றே முக்காலுக்கு நாலாவது பக்கத்தில் சோறு பிசைபட்டது. ஒரு கத்தரிக்காய்த் துண்டு மெதுவாக ஷிரின் பக்கம் வந்து நின்றது. மெஹ்ராஜ் பேகம் அப்படியே சுவரில் சாய்ந்தார். யாராவது இறந்த மவுத்துச் செய்தி கேட்டால் சொல்லும் வசனத்தை அமீர் ஆரம்பிக்கப் போக, ஷிரின் எச்சில் கையால் அவர் வாயைப் பொத்தினாள். “வாணாம்த்தா. சொல்லாதீங்க.” இன்னொரு துண்டு வந்தது. பிறகு இன்னொன்று. வாசற்கதவு திறந்துதான் இருந்தது, ஆனால் அந்தப் பக்கம் பார்க்க மூன்று பேருக்கும் தைரியம் இல்லை. கூடத்துக் கடிகாரம் நாற்பது நிமிஷம் ஓடியது.

இரண்டு இருபத்தைந்துக்கு ஷேர் ஆட்டோ வந்து நின்று, பாதி ஆளாக இளைத்துப்போன ஒருவன் பிளாஸ்டிக் பையோடு இறங்கினான். முதலாளி கைவிட்ட கப்பலிலிருந்து கானா அதிகாரிகள் இறக்கிவிட்டு, வேறு சரக்குக் கப்பலில் ஏற்றி அனுப்பி, அன்று காலைதான் சென்னையில் கரை சேர்ந்திருந்தான். போனைக் குடிதண்ணீருக்காக வைகாசியிலேயே விற்றாயிற்று. வீட்டு நம்பர் அந்தப் போனில்தான் இருந்தது, மனப்பாடம் இல்லை. அவன் வருகிறான் என்ற சர்க்கார் கடிதம் அவன் வந்த எட்டாம் நாள் வந்தது. கையில் வந்து விழுந்த சோற்றில் பாதியை, கப்பலில் கூட இருந்த நாலு பேருக்குக் கொடுத்ததாகப் பிறகு ஒருநாள் சொன்னான். அதை யாரும் அதிசயமாகக் கேட்கவில்லை.

அன்று அவன் செருப்பைக் கழற்றிவிட்டு, நேரே வந்து நாலாவது பக்கத்தில் உட்கார்ந்தான். மெஹ்ராஜ் பேகம் அவன் முகத்தை, கழுத்தை, கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நாலு விரலையும் விரித்துப் பார்த்தார்.

“தியாகதுருகம் தாண்டுறப்பவே சாப்புட்டேன்மா” என்றான் ஜுல்பிகர். “ஆனா தால்ச்சாவுல உப்பே இல்லியே.”

மெஹ்ராஜ் பேகம் அவன் முதுகில் ஒன்று வைத்தார். பிறகு உள்ளே போய் உப்பு டப்பாவை எடுத்து வந்து, அவன் பக்கத்தில் ஒரு சிட்டிகை போட்டார்.