தப்பு என்னோடது

என் கணவருக்குத் தொழில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. அதில் அவருக்கென்று ஒரு வழக்கம் உண்டு. பழகுகிறவர் கிளட்சைப் பட்டென்று விட்டு வண்டியை அணைத்தாலும் சரி, ஓரக்கல்லில் ஏற்றினாலும் சரி, "தப்பு என்னோடது, நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்பார். திட்டினால் பயப்படுவார்களாம், பயந்தால் கால் நடுங்குமாம். நான் வேலை பார்ப்பது டெலிபோன் கம்பெனியின் புகார்ப் பிரிவில். என்ன ஆனாலும் தப்பு எங்களுடையது என்று வாயைத் திறக்கக் கூடாது, அதுதான் அங்கே முதல் பாடம். இப்படி இரண்டு பேர் ஒரே வீட்டில் எப்படிக் குடித்தனம் நடத்துகிறோம் என்று கேட்காதீர்கள். சண்டை சீக்கிரம் முடிந்துவிடும், அவ்வளவுதான்.

அந்த வழக்கம்தான் போன மாதம் அவரைக் கோர்ட்டில் கொண்டுபோய் நிறுத்தியது.

ஒரு நர்ஸம்மா அவரிடம் பழகிக்கொண்டிருந்தார். பச்சை விளக்கு விழுந்ததும் வண்டியை மெதுவாகத்தான் எடுத்திருக்கிறார். குறுக்கே சிவப்பு விளக்கைத் தாண்டிப் பறந்துவந்த மோட்டார் பைக் காரின் முன்பக்கத்தில் மோதியது. பைக்காரருக்குக் கால் முறிந்தது. நர்ஸம்மா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழ, என் கணவர் வழக்கம்போல், "அழாதீங்கம்மா, தப்பு என்னோடது" என்று சொல்லிவிட்டார். ஓடிவந்த போக்குவரத்துப் போலீஸ்காரர் காதில் விழுந்தது அது ஒன்றுதான். சிக்னலில் இருந்த கேமரா பல மாதமாக வேலை செய்யவில்லையாம். மோதுகிற நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டதாக நர்ஸம்மாவும் நேர்மையாகச் சொல்லிவிட்டார். அன்றைக்கு அந்த முக்கில் கண்ணைத் திறந்து வைத்திருந்தவர் என் வீட்டுக்காரர் ஒருவர்தான். வாயையும் சேர்த்துத் திறந்துவிட்டார்.

கவனக்குறைவால் காயம் உண்டாக்கியதாக வழக்கு. காரையும், கற்றுக்கொடுக்கிற லைசென்ஸையும் பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

வழக்கு நாளன்று கோர்ட் வாசலிலேயே வக்கீல் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார். "ஒத்துக்கிட்டா அபராதத்தோட முடிஞ்சிடும் சார். காரும் லைசென்ஸும் இன்னைக்கே கைக்கு வந்துடும். இல்லைன்னு சொன்னா, கேஸ் முடியுற வரைக்கும் ரெண்டும் அவங்ககிட்டதான்."

"எப்ப முடியும்?" என்றேன்.

"முடியுறப்ப முடியும்மா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "செய்யாத தப்புக்கு எந்த மடையனாவது ஆமான்னு சொல்லுவானா?"

"தினமும் சொல்றாங்களேம்மா," என்றார் அவர், மழை பெய்கிறது என்பதுபோல்.

என் கணவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "நான் இல்லைன்னுதான் சொல்லப்போறேன். இத்தனை வருஷத்துல என் மேல ஒரு சின்னக் கேஸ் கிடையாது. குத்தவாளின்னு பேர் வாங்கிட்டு, நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அடுத்தவங்களுக்கு ரோட்டு விதி சொல்லிக்கொடுப்பேன்?"

"அப்படிப் போடுங்க," என்றேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆனால் வக்கீல் சொன்ன அந்த வார்த்தை என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. தினமும் சொல்கிறார்களா? யார் அவர்கள்? எனக்கு ஒன்று தெரியவில்லை என்றால் சோறு இறங்காது. எங்கள் முறை வருவதற்குள் வராந்தாவில் நடந்து ஆட்களிடம் மூக்கை நுழைத்தேன்.

காய்கறித் தள்ளுவண்டிக்காரர் ஒருவர் பெஞ்சில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். வழியை மறித்து வண்டியை நிறுத்தியதாகக் குற்றம், ஒத்துக்கொண்டுவிட்டாராம். "அந்தத் தெருப்பக்கமே நான் போனதில்லீங்க," என்றார்.

"அப்புறம் ஏன் ஒத்துக்கிட்டீங்க?"

"தக்காளி காத்துக்கிட்டு இருக்குமா? வெயில்ல கூழாப் போயிடும்."

தூணோரம் ஒரு அம்மா, இஸ்திரி போட்ட சட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். அவர் மகன் எலக்ட்ரீஷியன். வேலை செய்த கட்டடத்தில் வயரைத் திருடியதாகப் பிடித்துப்போனார்கள், ஜாமீனும் கிடைக்கவில்லை. விசாரணை வரும் வரும் என்று அவன் உள்ளேயே கிடந்தான்.

"ஒத்துக்கிட்டா, இதுவரைக்கும் உள்ள இருந்ததே தண்டனைன்னு கழிச்சுக்கிட்டு இன்னைக்கே விட்டுடுவாங்களாம்," என்றார். "எடுக்கலைன்னு சொன்னா, மறுபடியும் உள்ள போய்க் காத்துக்கிட்டு இருக்கணும்."

"எடுக்காதவன் உள்ள இருக்கணும், எடுத்தவன் வீட்டுக்குப் போகலாமா? இது என்னம்மா கூத்து?"

"கூத்தோ என்னவோ. புள்ள என் கையால சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சு!"

நான் மெதுவாக அங்கிருந்து நகர்ந்தேன்.

வராந்தாவின் கடைசியில் ஒரு ஜன்னல். எட்டிப் பார்த்தால் பின்பக்கத்து முற்றம். பிடித்து வைத்த வண்டிகளை அங்கேதான் நிறுத்தியிருந்தார்கள். எங்கள் கார் முன்வரிசையில் இருந்தது, கூரையில் 'பழகுநர்' பலகையோடு. அதற்குப் பின்னால் ஒரு வேன். சக்கரம் நான்கும் காற்றிறங்கித் தரையோடு ஒட்டிக் கிடந்தது. ஜன்னல் வழியாக ஒரு கொடி உள்ளே புகுந்து, ஸ்டியரிங்கைச் சுற்றிக்கொண்டு, மறுபக்கம் வெளியே வந்து பூத்தும் இருந்தது.

அந்தப் பக்கம் வந்த கோர்ட் பியூனிடம், "அந்த வேன் யாரோடதுங்க?" என்று கேட்டேன்.

"ஒரு பால்காரரோடது. தப்பே பண்ணலைன்னு கேஸ் நடத்துறாரு."

"நெஜமாவே பண்ணலையா?"

"கேஸ் முடிஞ்சாத்தானே தெரியும்," என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அந்தக் கொடியை விட்டு என் கண் நகரவில்லை. அப்போது உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.

நீதிபதி தலை நிமிராமல் குற்றத்தைப் படித்தார். முறிந்த கால், கவனக்குறைவு, சம்பவ இடத்திலேயே ஒப்புக்கொண்டது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாசித்து முடித்தார். "ஒத்துக்கறீங்களா?"

என் கணவர் நிமிர்ந்து நின்றார். வாயைத் திறந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, திரும்பி என்னைப் பார்த்தார்.

நான் தலையாட்டினேன். 'அப்படிப் போடுங்க' என்று காலையில் சொன்ன நானேதான். யோசித்து ஆட்டவில்லை, ஆனால் ஆமாம் என்றுதான் ஆட்டினேன். அவருக்கும் அது தெளிவாகவே புரிந்தது.

"ஒத்துக்கறேங்க," என்றார்.

கண் மூடித் திறக்கும் நேரம்கூட ஆகவில்லை, எல்லாம் முடிந்துவிட்டது. அபராதத்தைக் கட்டினோம். வக்கீல் கையைக் குலுக்கி, புத்திசாலித்தனமான முடிவு என்றார். வாசலில் எலக்ட்ரீஷியன் அந்த இஸ்திரி போட்ட சட்டையில் நின்று அம்மாவின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டிருந்தான். அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

முற்றத்தில் எங்கள் கார் முதல் சாவியிலேயே உறுமியது. நான் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம், முடியவில்லை.

"ஏங்க, அந்த நேரத்துல எதுக்கு என்னைத் திரும்பிப் பார்த்தீங்க? சொல்லட்டுமான்னு கேக்கவா?"

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இல்லைன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். போலீஸும் நம்பல, வக்கீலும் நம்பல, அந்த ஐயா நிமிர்ந்துகூடப் பார்க்கல. நம்புற ஒரு ஆளோட மூஞ்சியப் பார்த்துட்டுச் சொல்லலாம்னு திரும்பினேன்."

"நான் நம்புறேங்க. சத்தியமா நம்புறேன்."

"தெரியும்," என்றார்.

அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பின்னால் வண்டி ஏதும் வருகிறதா என்று பார்த்து, மெதுவாகக் காரை எடுத்தார்.