ஓர்காக்கள் விட்டுப்போன பங்கு

என் மனைவி ஆர்னாட்சியாக் தெற்கே ஆஸ்பத்திரிக்குப் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. மறுநாள் விமானத்தில் வரப்போகிறாள். அங்கே எதுவும் தொண்டையில் இறங்கவில்லை, பாதி ஆளாகிவிட்டேன் என்று போனில் அழுதாள். மக்தாக் இருந்தால் இரண்டு துண்டு தின்பேன் என்றாள். கொம்புத் திமிங்கலத்தின் தோலையும் கொழுப்பையும் சேர்த்து அறுத்துப் பச்சையாகத் தின்பதுதான் மக்தாக். அவள் கேட்டது அது ஒன்றைத்தான்.

நானோ பதினோரு நாளாக எங்கள் வடக்குப் பனிக்கடல் கரையில் கூடாரம் போட்டுக் காத்திருந்தேன். ஒரு திமிங்கலமும் வரவில்லை. என் முறைப்பைப் பார்த்துத்தான் கடலே காலியாகிவிட்டது என்று அவள் தம்பி பன்னிலூ கேலி செய்தான்.

அன்று மதியம் அவை வந்தன. முப்பது நாற்பது இருக்கும். சத்தமே போடாமல், வயிறு கூழாங்கல்லில் உரச, என் காலடி வரை வந்து ஒண்டின. அப்படி ஒண்டினால் வெளியே, திமிங்கலத்தையே வேட்டையாடித் தின்னும் கறுப்பு ஓர்காக்கள் நிற்கின்றன என்று அர்த்தம். ஓர்காவுக்கு இந்த ஆழம் போதாது.

ஓர்கா போகும்வரை ஒண்டியிருப்பதன் மேல் ஈட்டி எறியக் கூடாது என்பது எங்கள் கரையின் வழக்கம். ஒன்றைக் குத்தினால் எல்லாம் மிரண்டு ஆழத்துக்கு ஓடும். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

"அத்தான், கொஞ்சம் பொறு. அது போயிரட்டும்" என்றான் பன்னிலூ.

"உங்கக்கா நாளைக்கு வர்றா."

"அதுக்கு?"

நான் ஈட்டியைக் கையில் எடுத்தேன். எதிரே ஒரு தாய், குட்டியைக் கரைப் பக்கம் தள்ளிவிட்டுத் தன் உடம்பால் மறைத்துக் கிடந்தது. அதைக் குத்த மனம் வரவில்லை. ஓரத்தில் கிடந்த இளங்கொம்பன் மேல் எறிந்தேன்.

ஈட்டி சரியாகப் பதியவில்லை. அது ஒருமுறை துள்ளிக் கழன்றுகொண்டது. அந்தத் துள்ளலில் கூட்டம் முழுக்க மிரண்டு ஆழத்துக்குப் பாய்ந்தது. அங்கே கறுப்பு முதுகுகள் காத்திருந்தன. தண்ணீர் சிவந்து எழும்பியதை நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம். பன்னிலூ என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

ஓர்காக்கள் தின்றதுபோக மிச்சத்தை விட்டுவிட்டுப் போயின. எண்ணெய் படர்ந்த தண்ணீரில் தோலும் கொழுப்புமாகத் துண்டுகள் மிதந்தன. படகில் போய் அள்ளிக்கொண்டு வந்தோம்.

மறுநாள் வீட்டில், கோட்டைக்கூடக் கழற்றாமல் ஆர்னாட்சியாக் தரையில் உட்கார்ந்து அறுத்துத் தின்றாள். முதல் துண்டு. இரண்டாவது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பிறகு, யார் பிடித்தது என்று கேட்டாள். பிடித்தவரிடம் நன்றி சொல்லாமல் எங்களில் யாரும் மூன்றாவது துண்டைத் தொடுவதில்லை.

பொய் சொல்லியிருக்கலாம். பன்னிலூ வாயைத் திறந்திருக்க மாட்டான். ஆனால் நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டேன்.

அவள் கத்தியைத் துடைத்துத் தரையில் வைத்தாள்.

"அந்தக் குட்டி?"

"தெரியல."

"நீ இதுல தின்னியா?"

"இல்ல. எனக்கு இறங்கல."

அவள் மறுபடி கத்தியை எடுத்து, ஒரு துண்டை அறுத்து என் பக்கம் நீட்டினாள். மணிக்கட்டு எலும்பாகத் தெரிந்தது.

"எனக்காகத்தானே செஞ்ச? வா, பக்கத்துல உக்காரு. என்னை மட்டும் தனியாத் தின்ன வைக்காத."

உட்கார்ந்து வாங்கித் தின்றேன்.