சீசன் முடியட்டும்

திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்துப் பிழைத்தவர்கள் எல்லாருமே பூமிக்குக் கீழேதான் யோசிப்பார்கள். தீர்த்தகிரி மட்டும் அறுபதை நெருங்கும்போது திடீரென்று மேலே யோசித்தார். வண்டிகளை விற்றுவிட்டு, ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தை ஒட்டிய சரிவில் வீடு கட்டினார். வயசான காலத்தில் தானும் மனைவி பழனியம்மாளும் குளிர்ச்சியாகப் போய் உட்கார்ந்துகொள்வதற்கு என்று அஸ்திவாரம் போடும்போது சொன்னார். சுவர் எழும்ப எழும்ப அந்தப் பேச்சு குறைந்தது. மேல்தளம் போட்டபோது சுத்தமாக நின்றுபோனது.

பால் காய்ச்சிய அன்று பழனியம்மாள் அந்த வீட்டு ஜன்னலோரம் அரை நாள் உட்கார்ந்திருந்தாள். பால் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்ப்பதற்குள், சாயங்காலம் முதல் பார்ட்டி வருகிறது என்று கீழே கூட்டிவந்துவிட்டார். ரிக் தொழிலில் போர் போடக் கூப்பிடுகிறவர் எவரானாலும் பார்ட்டிதான். அந்த வார்த்தையை மலைக்கும் ஏற்றிவிட்டார். வெளியாரிடம் பேசும்போது மட்டும் பார்ட்டி 'கெஸ்ட்' ஆகிவிடும், அவர் 'ஹோஸ்ட்' ஆகிவிடுவார். விருந்தோம்பல் தமிழன் ரத்தத்திலேயே இருக்கிறது என்று டீக்கடையில் விளக்குவார். டீக்கு அடுத்தவர் காசு கொடுப்பார்.

வீட்டின் பெயர் 'பழனீஸ் நெஸ்ட்'. வாடகைக்கு ஆள் பிடிக்கும் செயலியில் பழனியம்மாளின் படத்தைப் போட்டு, 'உங்களை வரவேற்கக் காத்திருக்கும் அன்பான வீட்டம்மா' என்று எழுதியிருந்தார். தங்கிப் போனவர்கள் அம்மாவுக்கு நன்றி சொல்லி எழுதுவதையெல்லாம் அம்மாவுக்கே படித்துக் காட்டுவார். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்பாள்.

மடித்தது மலைத்துணி. அங்கே பனியில் போர்வை காயாது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் காத்தான் மூட்டை கட்டி வைப்பான். தீர்த்தகிரி காரில் போட்டுக் கொண்டுவருவார். திருச்செங்கோட்டு மொட்டை மாடியில் துவைத்து விரித்தால் ஒரு பொழுதுக்குள் அப்பளமாகிவிடும். துவைக்கும் முன் உதறினால் காப்பி இலை விழும், ஓக் மரத்துச் சருகு விழும், யாரோ ஒரு குழந்தையின் சாக்ஸ் விழும். ஏற்காட்டைப் பழனியம்மாள் அறிந்ததெல்லாம் அழுக்குத் துணியாகத்தான்.

போன சித்திரையில் அவளுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கத் தொடங்கியது. பிறகு படி ஏறாமலே வாங்கியது. இருதயம் பலவீனமாக இருக்கிறது, இந்த வெய்யல் ஆகாது, கொஞ்ச நாள் குளிர்ச்சியான இடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். எங்களுக்கு ஏற்காட்டிலேயே வீடு இருக்கிறது என்று தீர்த்தகிரி பெருமையாகச் சொன்னார். டாக்டர், அப்ப ரொம்ப வசதியாப் போச்சு என்று அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

காரில் வரும்போது பழனியம்மாள் கேட்டாள். "ஏனுங்க, ஒரு வாரம் நம்ம ஊட்டுல போயி இருந்துட்டு வரலாமுங்களா?"

"மலர்க் கண்காட்சி வருது புள்ள. பார்ட்டிக முன்னயே புடிச்சு வெச்சுட்டாங்க. சீசன் முடியட்டும்."

"என்னையும் ஒரு பார்ட்டின்னு வெச்சுக்கோங்க. சத்தம் போட மாட்டேன், செவுத்துல ஆணி அடிக்க மாட்டேன். துணியக்கூட நானே தொவச்சுத் தாரேன்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாள் டீக்கடையிலும் இதைச் சொல்லிச் சிரிக்க வைத்தார்.

அதற்காக மனைவியை அவர் கவனிக்காமல் விட்டார் என்று யாரும் சொல்ல முடியாது. ஆள் உயரத்துக்கு ஒரு ஏர்கூலர் வாங்கி நடுக்கூடத்தில் நிறுத்தி, அவள் கட்டிலையும் அதன் முன்னால் இழுத்துப் போட்டார். பார்க்க வந்தவர்களிடம், ஏற்காட்டையே ஊட்டுக்குள்ள கொண்டாந்துட்டேன் என்றார். கூலர் லாரி மாதிரி இரைந்துகொண்டு ஈரக்காற்றை அவள் முகத்தில் அடித்தது.

இடையில் ஒரு பார்ட்டி வர முடியாது என்று சொல்லிவிட்டது. பழனியம்மாள் எழுந்து உட்கார்ந்து, ரெண்டு சேலை, ஸ்வெட்டர், மாத்திரை எல்லாம் ஒரு பையில் எடுத்து வைத்தாள். தலையும் சீவிக்கொண்டாள். தீர்த்தகிரி காருக்குக் காற்றடித்துக்கொண்டு வந்தபோது போனில் வேறொரு பார்ட்டி அந்த நாட்களைப் பிடித்திருந்தது. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஒரு பொத்தான் போதும். கெட்ட பெயர் வந்துவிடும் என்றார்.

அவள் பையைப் பிரிக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் காலால் தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

வைகாசி பிறந்து ஒரு மத்தியானம், கூலர் இரைச்சலில், அவள் மூச்சு நின்றது யாருக்கும் கேட்கவில்லை. மாடியில் வேலைக்காரப் பெண் துவைத்துப் போட்ட மலைத்துணி காய்ந்துகொண்டிருந்தது.

துக்கத்துக்கு வந்த பெரிய பங்காளி குமரகுரு முதலில் பஞ்சாங்கத்தைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். சதயம். சில நட்சத்திரங்களில் உயிர் போனால் அந்த வீட்டை மூடிவிட வேண்டும்; அதற்கு அடைப்பு என்று பெயர். சதயத்துக்கு ஆறு மாசம். இந்தக் காலத்தில் உயிர் போன அறையை மட்டும் பூட்டிக்கொண்டு சமாளிக்கிறவர்கள் உண்டு. ஆனால் பழனியம்மாள் படுத்திருந்தது நடுக்கூடம். அதைப் பூட்டினால் சமையல்கட்டுக்குத் தளத்தை உடைத்துத்தான் இறங்க வேண்டும்.

ஊருக்குள்ளேயே ஒரு வாடகை வீடு பார்த்துக்கொள்கிறேன் என்றார் தீர்த்தகிரி.

"அடைப்பு ஊட்டுக்காரனுக்கு ஆரு சாமி ஊடு உடுவாங்க?" என்றார் குமரகுரு. "நீயாச்சும் உடுவியா?"

தீர்த்தகிரி யோசித்துப் பார்த்தார். விட மாட்டார்.

"உனக்குத்தான் மலை மேல ஊடு இருக்குதே. அங்க போயி இரு."

பழனியம்மாளாலும் டாக்டராலும் ஆகாததை ஒரு நட்சத்திரம் முடித்துக் கொடுத்தது. தீர்த்தகிரி ஒவ்வொரு பார்ட்டியாகக் கூப்பிட்டு வர வேண்டாம் என்றார். சிலர் கத்தினார்கள். கோயமுத்தூரிலிருந்து ஒரு பெண் மட்டும், இரண்டு முறை தங்கியவள், துக்கம் விசாரித்தாள். "அந்த மழையிலயும் உங்க போர்வையில வெயில் வாசனை அடிக்கும் சார். மலையில வேற எந்த வீட்டுலயும் அப்படிப் பார்த்ததில்ல. அம்மா அங்கயேதான இருந்தாங்க?"

"ஆமாங்க" என்றார் தீர்த்தகிரி.

காரியம் முடிந்தது. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த மகள் கயல்விழி அப்பாவிடம் அதிகம் பேசாமல் விமானம் ஏறினாள். வீட்டைப் பூட்டிவிட்டு அவர் மலை ஏறினார். பாதி மலையில், ஒரு கொண்டை ஊசி வளைவில்தான் கட்டிலுக்கு அடியில் கிடந்த பை ஞாபகம் வந்தது. அடைப்பு வீட்டை இடையில் திறக்கக் கூடாது.

பழனீஸ் நெஸ்ட்டில் எங்கே திரும்பினாலும் அவரே எழுதி ஒட்டிய அறிவிப்புகள். விளக்கை அணைக்கவும். சத்தம் போடாதீர். இது உங்கள் வீடு. ஜன்னலோர நாற்காலியில் அவர் உட்காரவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அலமாரியில் பழனியம்மாள் தெம்பாக இருந்தபோது துவைத்து அடுக்கிய போர்வைகள் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துப் போர்த்தினார். அவளைப் போலவே நான்காக மடித்து வைக்கப் பார்த்தார், முனைகள் சேரவில்லை. ஆடி மழை பிடித்துக்கொண்டபோது கடைசிப் போர்வையும் அழுக்கானது. காத்தான் எல்லாவற்றையும் துவைத்துத் தாழ்வாரத்துக் கம்பியில் போட்டான். நாலைந்து நாள் ஆகியும் அவை சொட்டிக்கொண்டே இருந்தன. ஒரு மாதிரி பூஞ்சை வாடை வந்துவிட்டது.

"கீழ குடுத்து அனுப்பீரலாமுங்களா?" என்றான் காத்தான். "அங்க போட்டா ஒரே வெய்யல்ல காஞ்சிருமுங்க."

தீர்த்தகிரி ஒரு போர்வையின் முனையைப் பிடித்து முகர்ந்து பார்த்தார்.

"அங்க பூட்டிக் கெடக்குது, காத்தான்" என்றார்.

ஈரப் போர்வை ஒன்றை உருவி உள்ளே எடுத்துப் போய், ஜன்னலோர நாற்காலியில் விரித்துப் போட்டார். கண்ணாடிக்கு வெளியே ரோட்டில் ஆள் நடமாட்டமே இல்லை. சீசன் முடிந்திருந்தது.