கிழக்கு பார்த்த கதவு

சாயம் ஏற்றும் இயந்திரத்துக்கு வாஸ்து பார்த்தவர்கள் வேறு ஊரில் இருப்பார்களோ என்னவோ, மண்ணரையில் இருந்தார்கள். முருகவேலும் தம்பி கந்தவேலும் நடத்திய சாயப்பட்டறையில் ஆளுயர இரும்பு உருளை ஒன்று உண்டு. பாலியஸ்டர் துணியைக் குக்கர் மாதிரி மூடி, அழுத்தத்தில் வேகவைத்துச் சாயம் ஏற்றுவது. அதன் வட்டக் கதவு தெற்கே பார்த்திருந்தது. சேர்ந்தாற்போல் இரண்டு ஆர்டர் கைவிட்டுப் போனதும் வாஸ்துக்காரர் ஒருவர் வந்து, வாய் எமன் திசையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். குழாய்களோடு பிணைந்த உருளையைத் திருப்பவா முடியும்? பழைய கதவை அடைத்துப் பற்றவைத்துவிட்டு, கிழக்கே புதிதாகச் சதுர ஓட்டை வெட்டிக் கதவு மாட்டினார்கள். வட்டமாக வெட்டுவது வெல்டருக்குச் சிரமமாம்.

அந்த வெள்ளிக்கிழமை பட்டறைப் பூஜைக்கு வந்தபோதுதான் கந்தவேலின் மனைவி சாரதாமணி அதைப் பார்த்தாள். அவள் இன்ஜினியரிங் கல்லூரியில் கணக்குப் பாடம் எடுப்பவள். ஓட்டை போட்ட தகட்டை இழுத்தால் எந்த இடத்தில் எவ்வளவு விசை என்பதைக் கற்பனை எண்களை வைத்துக் கண்டுபிடிக்கும் முறையை அந்த வாரம்தான் நடத்தியிருந்தாள். வட்ட ஓட்டையென்றால் ஓரத்தில் விசை மூன்று மடங்கு. சதுரத்தை வட்டமாக மாற்றிப் போடும் கணக்கில், கூரான மூலைக்கு வந்ததும் விடை எல்லையில்லாமல் ஏறும். கரும்பலகையில் அது வெறும் விடை. இங்கே அந்த மூலைக்கு ஒரு முழம் தள்ளி நின்று, அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டிருந்தவன் அவள் புருஷன்.

மூலை கூராக இருக்கிறது, வெடிக்கும், வளைத்து வெட்டியிருந்தாலாவது பரவாயில்லை என்று அவள் முருகவேலிடம் படபடவென்று சொன்னாள். எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்டார். கணக்கைச் சொன்னாள். சொல்லியிருக்க வேண்டாம்.

"கற்பனை எண்ணுக்கு நெசமான இரும்பு ஒடையுமா அம்மிணி?" என்று அவர் சிரித்தார். ஒரு வாரமாக ஓடுகிறது, ஒன்றும் ஆகவில்லையே என்றார். அதுதான் அவளுக்குப் பயமே. ஒவ்வொரு தடவை அழுத்தம் ஏறி இறங்கும்போதும் மூலை கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். கந்தவேல் அழுத்தமானியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு பேசிப் பழகாதவன்.

ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்துக்கே பூஜை நடந்தது. கதவின் நான்கு மூலைகளிலும் திருநீற்றைக் குழைத்துப் பூசி, நடுவில் குங்குமம் வைத்தார்கள். இரும்பின் சூட்டில் திருநீறு உடனே காய்ந்து வெளுத்தது. உள்ளே ஒரு லாட் துணி சிவப்புச் சாயத்தில் வெந்துகொண்டிருந்தது. சூடம் காட்டி முடித்து எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சாரதாமணி மட்டும் கும்பிடவில்லை. கீழ் மூலைத் திருநீற்றில் மயிரிழை போல ஒரு சிவப்புக் கோடு ஊறி, சாய்வாக மேலேறிக்கொண்டிருந்தது. குங்குமம் கரைந்து பரவுகிறதென்று நினைத்துக் கந்தவேல் ஒரு துணியோடு துடைக்கக் குனிந்தான்.

"தொடாதீங்க. அது சாயம். உள்ளிருந்து வருது."

கந்தவேல் கையை இழுத்துக்கொண்டான். ஆட்களை வெளியே போகச் சொன்னான். நீராவியை அடைக்கும் வால்வு அந்தக் கதவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவன் போய்த் திருகினான். பிறகு அழுத்தத்தை வெளியேற்றும் வால்வைச் சிறிது சிறிதாகத் திறந்தான். சாரதாமணி வாசலில் நின்று அவன் முதுகையே பார்த்தாள். உஸ்ஸென்ற அந்தச் சத்தம் இப்போதைக்கு அடங்காது போலிருந்தது. தாலியை எப்போது பிடித்தாள், எப்போது விட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

சூடு ஆறித் திறந்து பார்த்தால், உள்பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல்.

முருகவேல் வியர்வையைத் துடைத்துக்கொண்டு செல்போனை எடுத்தார். "வெல்டர வரச் சொல்றேன். விரிசல அடைச்சு, மூலைய வளைச்சு உருட்டிரட்டும். அம்மிணி சொன்னதத்தான செய்யறோம். மத்தியானம் லாட்டு ஏத்திரலாம்."

சாரதாமணிக்கு அப்போதுதான் உயிரே போனது. அவள் சொன்னதில் பாதியைப் பிடித்துக்கொண்டு அதே உருளையை மறுபடி ஓட்டப் போகிறார். விரிசல் விழுந்த இரும்பு இனி ஆகாது என்று சொல்லிப் பார்த்தாள். அவர் நம்பரை அழுத்திக்கொண்டிருந்தார். புருஷனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துவந்து கதவை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஓட்டுங்க மாமா. நான் இங்கயேதான் இருப்பேனுங்க."

முருகவேல் அவள் எழுந்துவிடுவாள் என்று காத்திருந்தார். அவள் எழவில்லை. கந்தவேல் கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு வந்து, அவள் காலடியில், கதவில் முதுகு சாய்த்து உட்கார்ந்துகொண்டான். அண்ணனை ஏறிட்டுப் பார்த்தான்.

எதிர்முனையில் வெல்டர் அலோ அலோ என்று கத்துவது கேட்டது. முருகவேல் பேசாமல் போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.