நாலாம் வாசலில் பழுப்பு ஷூ

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு முகங்கள் ஞாபகம் இருக்காது. தலைக்கனம் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். பேசிவிட்டுப் போகட்டும். வேகநடைப் போட்டிக்கு நடுவராக இருப்பவளுக்கு முகம் எதற்கு? நடக்கிறவரின் ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். முன்னால் வைக்கிற காலின் முட்டி மடங்கக் கூடாது. இரண்டையும் வெறுங்கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும், கேமரா கிடையாது. வெயிலில் ரோட்டோரம் நின்று, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, இடுப்புக்குக் கீழேயே பார்த்துக்கொண்டிருப்பேன். எத்தனையோ பேர் என் எதிரே ஜெயித்திருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தர் சிரித்துக்கூட நான் பார்த்ததில்லை.

இது என் கடைசிப் போட்டி. வயது வரம்பு வந்துவிட்டது, இனிமேல் கூப்பிட மாட்டார்கள். அதனால்தானோ என்னவோ, நான் பெட்டி கட்டும்போது மகள் வேலையைப் போட்டுவிட்டு ஊரிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போன தடவை போயிட்டு வந்து என்னம்மா சொன்னே?"

"என்னடி சொன்னேன்?"

"ரோடு நல்லா இருந்துச்சுன்னு சொன்னே. அவ்வளவுதான். ஊர் உலகமே டி.வி.யில வாயைப் பொளந்து பார்க்குது. நீ நேர்ல போய் ரோட்டைப் பார்த்துட்டு வர்றே. இந்தத் தடவையாவது கொஞ்சம் சந்தோஷமா இருந்துட்டு வா."

சொன்னதோடு விட்டாளா? என் காலை இழுத்து மடியில் வைத்து நகங்களுக்குச் சிவப்புச் சாயம் பூசினாள். புதுச் செருப்பு ஒரு ஜோடியைப் பெட்டிக்குள் திணித்தாள்.

"இந்த வயசுல எதுக்குடி இந்தக் கூத்தெல்லாம்?"

"ஷூவுக்குள்ள யார் பார்க்கப் போறா? சும்மா இரு."

அவள் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அவளும் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். நானும் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றாயிற்று. இப்போதெல்லாம் என் குரல் எனக்கே கேட்பது அவளோடு போனில் பேசும்போதுதான். அதனால் கால் நகத்தை அவள் இஷ்டத்துக்கு விட்டுவிட்டேன்.

போய் இறங்கியதும் மற்ற நடுவர்கள் கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பினார்கள். நான் போட்டி நடக்கப்போகும் சாலைக்குப் போனேன். எனக்கு ஒதுக்கியிருந்த வளைவில், பந்தயம் நடக்கும் அதே வேளையில் நின்று, வெயில் எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது, மரத்தின் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்தேன். நிழலும் வெயிலும் சேருகிற இடத்தில் பாதம் தரையில் இருக்கிறதா இல்லையா என்று கண் ஏமாந்துபோகும். கொஞ்சம் தள்ளி நின்றால் ஏமாறாது. திரும்பி வந்து ஓட்டல் முன்கூடத்து சோபாவில் உட்கார்ந்து போகிற வருகிற கால்களைப் பார்த்துப் பழகினேன். பெட்டி தூக்குகிறவருக்கு முட்டி மடங்குகிறது. மேனேஜருக்கு எப்போதும் அவசரம், இரண்டு காலும் தரையை விடுகிறது. அவரை மனசுக்குள் போட்டியிலிருந்து வெளியேற்றினேன்.

எங்களுக்குள் இன்னொரு வழக்கமும் உண்டு. நடுவர்கள் பேசிக்கொள்ளக் கூடாது. ஒருத்தர் பார்வை இன்னொருத்தரை இழுத்துவிடக் கூடாதல்லவா? எங்கள் தலைமை நடுவர் இதில் ரொம்பக் கறார். முந்தின நாளிலிருந்து போட்டி முடியும்வரை இரண்டு பேரை ஒரே மேசையில் சாப்பிடக்கூட விடமாட்டார். அவ்வளவு பெரிய சாப்பாட்டு அறையில் ஆளுக்கொரு மேசையில், பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் மாதிரி தனித்தனியாக உட்கார்ந்து மென்றுகொண்டிருப்போம். அதற்குக் காரணம் ஒரு விதி என்பது எனக்கு வசதியாக இருந்தது. வீட்டில் நான் தனியாகச் சாப்பிடுவதற்கு எந்த விதியும் காரணமில்லை.

அந்த நடுவர்களில் ஒருத்தர்தான் பழுப்பு ஷூ. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர். அவருக்குப் பெயர் இல்லாமலா இருக்கும்? ஆனால் எனக்கு அவர் பழுப்பு ஷூ, அவருக்கு நான் கான்வாஸ் மேடம். எந்தப் போட்டியானாலும் நான் வெள்ளைக் கான்வாஸ் ஷூதான். அவர் அதே பழுப்பு ஷூ, இடது குதிகால் வெளிப்பக்கமாகத் தேய்ந்தது. பல வருடப் பழக்கம். பழக்கம் என்றால் விமான நிலைய வேனில் நாலு வார்த்தை. ஆனால் அந்த நாலு வார்த்தைக்குள் எப்படியோ என்னைச் சிரிக்க வைத்துவிடுவார். தன் மனைவி இறந்துபோனதையும் ஒரு முறை வேனில் அந்த நாலு வார்த்தைக்குள்தான் சொன்னார். நான் பதில் தேடுவதற்குள் விமான நிலையம் வந்துவிட்டது.

போட்டிக்கு முந்தின நாள் கூட்டம் முடிந்து வெளியே வரும்போது, என் பக்கத்தில் வந்து குனிந்து ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தார்.

"மேடம், இங்க பார்க்காதீங்க. நம்ம பெரியவர் கண்ணு நம்ம மேலதான் இருக்கு."

நானும் குனிந்து, நன்றாக இருந்த என் லேஸை அவிழ்த்தேன்.

"உங்களுக்கு இதுதான் கடைசியாமே?"

"ஆமா. கிழவியாயிட்டேன், துரத்திட்டாங்க."

"நாளைக்குச் சாயங்காலம் ஸ்டேடியத்துல ஓட்டப்பந்தய ஃபைனல். சொல்லிவெச்சு ரெண்டு டிக்கெட் வாங்கியிருக்கேன். ஒரு தடவையாவது இடுப்புக்கு மேல பார்த்துக் கைதட்டிட்டு வரலாம். வர்றீங்களா?"

லேஸ் கையைவிட்டு நழுவியது. "வர்றேன்" என்றேன். கேட்டதா என்று தெரியவில்லை, மறுபடியும் சொன்னேன்.

"நாலாம் வாசல். இருட்டுறதுக்கு முன்னாடி வந்துடுங்க. எதுக்கும் உங்க போன் நம்பர் குடுங்களேன்."

அங்கேதான் என் புத்தி கெட்டுப்போயிற்று. "முதல்ல போட்டி முடியட்டும் சார். அப்புறம் தர்றேன்."

"நீங்க திருந்தவே மாட்டீங்க" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போனார்.

அறைக்கு வந்து கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு படுத்தேன். அடுத்த நாள் போட்டியைப் பற்றித்தான் நினைக்க வேண்டும். நினைக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்க, ஒரே விஷயத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்து கைதட்டுவதை நினைத்தேன். அந்த ஒரு மாலை எனக்கு வேண்டும். மனசு விட்டுச் சொல்கிறேன், பதக்கத்துக்கு வந்தவர்களுக்குக்கூட அவ்வளவு ஆசை இருந்திருக்காது.

போட்டி நன்றாக நடந்தது. எங்களிடம் ஒரு மஞ்சள் மட்டை இருக்கும். அதன் ஒரு பக்கத்தில் அலை மாதிரி வளைந்த கோடு. இரண்டு காலும் தரையை விடுகிறது, பார்த்து நட என்று நடக்கிறவருக்கு அது எச்சரிக்கை. முன்னால் வந்துகொண்டிருந்த பச்சை ஷூவுக்கு அதைக் காட்டினேன். அடுத்த சுற்றிலும் கால் பறந்தது. சிவப்பு அட்டை எழுதிக் கொடுத்தேன். வேறு வளைவுகளில் நின்ற நடுவர்களும் அதையே எழுதியிருந்தார்கள். எல்லையைத் தொடப்போகிற நேரத்தில் பச்சை ஷூவை வெளியேற்றினார்கள். காது கிழியக் கூச்சல். எங்களைத் திட்டினார்கள், தண்ணீர் பாட்டில் ஒன்றுகூடப் பறந்து வந்தது. திட்டு எனக்குப் பழகியதுதான்.

பச்சை ஷூவின் தரப்பில் மேல்முறையீடு செய்தார்கள். என்னை ஓர் அறையில் உட்கார வைத்துக் கேள்வி மேல் கேள்வி. என் தீர்ப்பு நின்றது. ஆனால் நான் வெளியே வந்தபோது மற்ற நடுவர்களை ஏற்றிக்கொண்டு பஸ் போய்விட்டிருந்தது. போனால் போகிறது, நாலாம் வாசல் இருக்கிறதே என்று ஓட்டலுக்கு வந்து குளித்தேன். கான்வாஸ் ஷூவை எடுத்தேன். மகள் சொன்னது ஞாபகம் வந்தது. ஷூவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு அந்தப் புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டேன். சிவப்பு நகங்கள் பளிச்சென்று தெரிந்தன. வெட்கமாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது.

வெளிச்சம் இருக்கும்போதே நாலாம் வாசலுக்குப் போய்விட்டேன். அப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததே இல்லை. முகங்களைப் பார்க்கத்தான் முயன்றேன், சத்தியமாக. ஒன்றன் மேல் ஒன்றாக முகங்கள், தொப்பிகள், கொடிகள், கண் கூசும் விளக்குகள். தலை சுற்றியது. எனக்குத் தெரிந்த வேலையைச் செய்வோம் என்று சுவரோரம் நின்று கால்களைப் பார்க்க ஆரம்பித்தேன். கால்களில் என் கண் தடுமாறாது. பழுப்பு ஷூ, தேய்ந்த இடது குதிகால். எத்தனை ஆயிரம் கால்கள் வந்தாலும் அதைப் பிடித்துவிடுவேன்.

கால்கள் வந்தன, போயின. பழுப்பு ஷூ வரவில்லை. நடுவில் ஒரு கறுப்பு ஷூ வந்தது. பளபளவென்று புத்தம்புதுசு, ஓரமெல்லாம் மஞ்சள் நூல் தையல். போட்டிருந்த ஆசாமிக்குக் குதிகால் கடித்திருக்க வேண்டும், சுடுதரையில் நடக்கிறவர் மாதிரி காலைக் காலை எடுத்து வைத்தார். யாரோ புது மாப்பிள்ளை, மாமியார் வீட்டு ஷூ கடிக்கிறது போல என்று சிரித்துக்கொண்டேன். அது என்னைத் தாண்டிப் போனது, கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது. என்னிடமிருந்து கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. மறுபடி நொண்டிக்கொண்டு போனது. பாவம், அவரும் யாருக்கோ காத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

உள்ளே திடீரென்று பெரும் ஆரவாரம் எழுந்தது. ஃபைனல் ஆரம்பித்துவிட்டது. வாசலில் கூட்டம் குறைந்தது. கால் கடுக்க நின்றேன். உள்ளே மறுபடி ஆரவாரம், யாரோ ஜெயித்துவிட்டார்கள். டிக்கெட்டோ அவரிடம். இனிமேல் நிற்பதில் அர்த்தமில்லை.

எனக்குக் கோபம் வந்தால் லேசில் இறங்காது. ஓட்டல் வரவேற்பில் கேட்டிருந்தால் அவர் அறைக்கு ஒரு போன் போட்டிருப்பார்கள். கேட்கவில்லை. என்னை வரச் சொன்னவர் வரவில்லை, நானா போய்க் கெஞ்சுவேன்? எக்ஸ்ரே எடுக்கிறவராம், மனுஷியின் மனசு மட்டும் தெரியாதாம். இப்படியெல்லாம் அறைக்குள் தனியாகத் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு திட்ட முடியவில்லை, அழுதேன். இந்த வயதில் எனக்கு எதற்கு இந்த ஆசை என்று என்னையே கேட்டுக்கொண்டு அழுதேன். மகள் போன் செய்தாள். எடுக்கவில்லை.

காலையில் டீ குடிக்கக் கீழே வந்தேன். கான்வாஸ் ஷூ பெட்டிக்குள் போய்விட்டது, காலில் அதே செருப்பு. கப்பை எடுத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்ததும் பழக்க தோஷத்தில் கண் தரைக்குப் போனது. வாசலைப் பார்த்துப் பழுப்பு ஷூ போய்க்கொண்டிருந்தது. தேய்ந்த இடது குதிகால். வெளியே விமான நிலைய வேன் நின்றது. போகட்டும், நான் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன் என்று கப்பை வாயருகே கொண்டுபோனேன்.

அந்தக் கால்கள் நொண்டின. ஷூ விளிம்புக்கு மேலே பிளாஸ்திரி எட்டிப் பார்த்தது. அதற்கு மேலே, தொங்கிக்கொண்டிருந்த கையில், லேஸைச் சேர்த்துப் பிடித்தபடி ஒரு ஜோடி கறுப்பு ஷூ. ஓரமெல்லாம் மஞ்சள் நூல் தையல்.

அடிப்பாவி!

எனக்காகப் புது ஷூ வாங்கிப் போட்டுக்கொண்டு, அது கடிக்கக் கடிக்க, அந்த மனிதர் என் முன்னால் நடந்திருக்கிறார். டிக்கெட்டை வைத்துக்கொண்டு அவரும் உள்ளே போகவில்லை. என் கண்ணெதிரே வந்து நின்றிருக்கிறார். குனிந்த தலையை நான் நிமிர்த்தவில்லை. அவரும்தான் எப்படி நிமிர்த்தியிருப்பார்? அந்தக் கூட்டத்தில் அவர் தேடியது வெள்ளைக் கான்வாஸ் ஷூவை. நான் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுச் சிவப்பு நகங்களோடு நின்றிருந்தேன்.

கப்பை எங்கே வைத்தேன் என்று தெரியாது. வாசலுக்குப் போவதற்குள் வேன் கதவு சாத்திக்கொண்டது, கிளம்பிவிட்டது. "சார்! சார்!" என்று கத்தினேன். அவர் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூட எனக்கு வாய் வரவில்லை. அப்புறம் நான் ஓடினேன். நடக்க வந்து ஓடினவர்களுக்கெல்லாம் வாழ்நாள் முழுக்க அட்டை எழுதிக் கொடுத்த நான், நடுரோட்டில், புதுச் செருப்பு சடசடக்க, இரண்டு காலும் தரையை விட ஓடினேன்.

பின் சீட்டில் இருந்தவர் சத்தம் கேட்டுத் திரும்பினார். முதலில் அவர் கண் போனது என் கால்களுக்குத்தான். செருப்பைப் பார்த்தார், சிவப்பு நகங்களைப் பார்த்தார். நேற்று அவையும் அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும், வாய் அப்படியே திறந்துகொண்டது. பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். நானும் அவர் முகத்தைப் பார்த்தேன். இடது புருவத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. இத்தனை வருடமாக எனக்கு அது தெரியாது.

அவர் டிரைவர் பக்கம் திரும்பி என்னவோ கத்தினார். டிரைவர் கடிகாரத்தைக் காட்டித் தலையை ஆட்டினார். வேன் பெரிய சாலைக்கு ஏறியது. அவர் மறுபடி என் பக்கம் திரும்பினார். பின் கண்ணாடியில் விரலை வைத்து, அலை மாதிரி ஒரு கோடு இழுத்துக் காட்டினார். எச்சரிக்கை, இரண்டு காலும் தரையை விடுகிறது.

அந்த நிலையிலும் என்னைச் சிரிக்க வைத்துவிட்டார். சாலையோரம் மூச்சிரைக்க நின்று சிரித்தேன், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. வேன் லாரிகளுக்கு நடுவே புகுந்து மறைந்துவிட்டது. நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். போன் அடித்தது, மகள்.

"என்னம்மா, நேத்து போனே எடுக்கலை? எதுக்கு இப்படி மூச்சு வாங்குது?"

"ஓடினேன்டி."

"நீயா? ஓடினியா? ஐயோ, நடுவரம்மா! யாராவது பார்த்துட்டாங்களா?"

"ஒருத்தர் பார்த்துட்டார்" என்றேன்.